அமெரிக்க கவர்னர் தேர்தல்: "வென்றார்" என்று சொன்ன பிறகும் ஏன் எண்ணுகிறார்கள்?

பிறை_குமார்:
நம்ம மலேசியாவில், பினாங்கு ஆளுநரை மாமன்னர் நியமிக்கிறார். ஓட்டுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. அமெரிக்காவில் கவர்னருக்கே ஓட்டு என்பது தெரியும். ஆனால் ஜார்ஜியாவில் மே மாதம் ஒரு வாக்களிப்பு, ஜூனில் ஒன்று, நவம்பரில் இன்னொன்று. அதுவும் போக, டிவியில் இன்னார் வென்றார் என்று அறிவித்துவிட்டு வாரக்கணக்கில் எண்ணுகிறார்கள். இங்கே எஸ்.பி.ஆர். (தேர்தல் ஆணையம்) ஒரே ராத்திரியில் முடித்துவிடுகிறதே. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

ஜெலுத்தோங்காரன்:
முதலில் பதவியைப் பிரித்துப் பாருங்க குமார். அவர்களுடைய கவர்னர் ஸ்ரீ முத்தியாரா மாளிகையில் இருக்கும் நம்ம ஆளுநர் மாதிரி அல்ல. கொம்தாரில் இருக்கும் முதலமைச்சர் மாதிரி. மாநிலமே ஒரே தொகுதியாக அவருக்கு நேராக ஓட்டுப் போடுகிறது. அதனால் சட்டமன்றம் எதிர்க்கட்சி கையில் இருந்தாலும் நாற்காலி ஆடாது.

மே மாத வாக்களிப்பு கட்சி வேட்பாளரைப் பொறுக்க. இங்கே அந்த வேலையை மேலிடம் பார்க்கும், கடைசி நேரத்தில் பெயர் மாறும். அங்கே வாக்காளரே சாவடிக்குப் போகிறார். ஜார்ஜியாவில் வாக்காளர் பதிவில் கட்சி கிடையாது. எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று அங்கேயே கேட்டு வாங்கலாம். ஆனால் மேயில் ஒரு கட்சியின் சீட்டை எடுத்தவர் இரண்டாம் சுற்றில் மற்றதற்குத் தாவ முடியாது. மேயில் எட்டியே பார்க்காதவர் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம்!

ஜூன் சுற்று ஏன் என்றால், 50 விழுக்காட்டைத் தாண்டினால்தான் வேட்பாளர். 2018 குடியரசுக் கட்சிப் போட்டியில் கேசி கேகல் சுமார் 39 விழுக்காடு, பிரையன் கெம்ப் சுமார் 26. இடையில் கேகல் ஒருவரிடம் அந்தரங்கமாகப் பேசிய ஒலிப்பதிவு வெளியானது, டிரம்ப் கெம்ப்பை ஆதரித்தார். ஜூலையில் நடந்த இரண்டாம் சுற்றில் கெம்ப் சுமார் 69 விழுக்காடு! அப்போது இரண்டு சுற்றுக்கும் இடையே ஒன்பது வாரம் இருந்தது. 2021 சட்டம் அதை நான்காகக் குறைத்துவிட்டது. சறுக்குவதற்கும் எழுவதற்கும் இப்போது நேரமே இல்லை. நவம்பரிலும் இதே 50 விதிதான். 2018-இல் கெம்ப் 50.2 வாங்கி நூலிழையில் தப்பினார்.

ஏர்ஈத்தாம்_செல்வி:
ஜார்ஜியாவை வைத்து மற்ற மாநிலங்களை எடைபோட வேண்டாம். கலிபோர்னியாவில் 2012 முதல் எல்லாக் கட்சியினரும் ஒரே சீட்டில். முதல் இருவர் எந்தக் கட்சியானாலும் நவம்பருக்குப் போவார்கள். அலாஸ்காவில் நால்வர் போவார்கள், நவம்பரில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை போட வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் நம்ம ஊர் மாதிரியே ஒரு ஓட்டு கூடினாலும் வெற்றி.

பாகான்டாலாம்_மணி:
எண்ணிக்கைக்கு வருகிறேன். இங்கே ஒவ்வொரு சாலுரானிலும் (வாக்களிப்பு அறையிலும்) எண்ணி, போராங் 14 என்ற முடிவுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி, முகவர்களுக்கு நகல் கொடுத்துவிடுவார்கள். அங்கே தேர்தலை நடத்துவது கவுண்டிகள், அதாவது மாவட்டம் மாதிரியான அமைப்புகள். கலிபோர்னியாவில் பதிவான வாக்காளர் அனைவருக்கும் தபால் சீட்டு போகிறது. உறைமேல் உள்ள கையெழுத்தைப் பதிவில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும்; ஒத்துப்போகாவிட்டால் ஆளுக்குத் தகவல் அனுப்பி, சரிசெய்ய அவகாசம் தர வேண்டும். பட்டியலில் பெயர் தகராறு என்றால் சீட்டைத் தனி உறையில் போட்டு வைப்பார்கள். தகுதி உறுதியான பிறகே பிரிப்பார்கள். அமெரிக்காவில் இழுபறி ஆவது இந்த வேலைகளில்தான்.

டிவியில் வருவது ஏபி போன்ற செய்தி நிறுவனங்களின் கணிப்பு. சட்டப்படி செல்லாது. கவுண்டிகள் சரிபார்த்து, மாநிலம் சான்றளித்தால்தான் முடிவு. தோற்றவர் "ஒப்புக்கொள்கிறேன்" என்பதும் மரியாதைக்குத்தான். 2018-இல் ஃபுளோரிடாவில் ஆண்ட்ரூ கில்லம் அன்றிரவே ஒப்புக்கொண்டு, வித்தியாசம் சுருங்கியதும் அதைத் திரும்பப் பெற்று, மறுஎண்ணிக்கைக்குப் பிறகு மறுபடி ஒப்புக்கொண்டார். வித்தியாசம் 0.5 விழுக்காட்டுக்குள் இருந்தால் ஃபுளோரிடாவில் இயந்திர மறுஎண்ணிக்கை தானாகவே வரும்.

என்ன தப்பு நடக்கும் என்றால், பெரும்பாலும் சதி இல்லை, எழுத்துப்பிழை. அதே ஆண்டு கான்சஸில் குடியரசுக் கட்சி வேட்பாளர் யார் என்று ஜெஃப் கோல்யருக்கும் கிரிஸ் கோபக்குக்கும் போட்டி. தாமஸ் கவுண்டியில் கோல்யர் வாங்கியது 522, மாநில இணையதளத்தில் 422. கையால் எழுதி ஃபேக்ஸில் போன தாளில் எண் தெளிவாக இல்லாமல் இருந்திருக்கலாம் என்றார் அந்தக் கவுண்டி அதிகாரி. கோபக்கின் 191 ஓட்டு முன்னிலை ஒரே அடியில் 91. கடைசியில் அவரே 343-இல் வென்றார். இதில் வேடிக்கை, மாநிலத் தேர்தல் பொறுப்பும் அப்போது கோபக்கிடம்தான். எதிர்ப்பு வந்த பிறகே எண்ணிக்கையிலிருந்து ஒதுங்கினார்.

உச்சம் என்றால் வாஷிங்டன் மாநிலம், 2004. முதல் எண்ணிக்கையில் டினோ ராசி 261 ஓட்டில் முன்னிலை, இயந்திர மறுஎண்ணிக்கையில் 42, கையால் எண்ணியபோது கிறிஸ்டீன் கிரெகுவார் 129-இல் வெற்றி. வழக்கு 2005 ஜூன் வரை நீண்டது.

பிறை_குமார்:
நன்றி அண்ணே. இங்கிருந்து பார்க்க எந்த நேரம்?

பாகான்டாலாம்_மணி:
2026 நவம்பர் 3 தேர்தல் என்றால் நமக்கு 4-ஆம் தேதி புதன். காலை 8-க்கு ஜார்ஜியா சாவடிகள் மூடும், நண்பகல் 12-க்கு கலிபோர்னியா. முதல் ஒரு மணி நேர முன்னிலையை நம்பாதீங்க. எத்தனை விழுக்காடு எண்ணியாச்சு என்பதைவிட மிச்சம் எங்கே என்று பாருங்க: அட்லாண்டா பக்கத்து ஃபுல்ட்டன், டிகால்ப் கவுண்டிகள் பாக்கி இருந்தால் ஜனநாயகக் கட்சிக்கு இன்னும் ஏறும்.