ஜப்பானில் நின்றபடி குடிக்கும் கடைகள்: ஆயிரம் யென்னில் ஒரு சாயங்காலம் நடக்குமா?

பல்லாவரம்_பயணி

எல்லாருக்கும் வணக்கம். நவம்பர்ல கம்பெனி பயிற்சிக்கு ரெண்டு வாரம் டோக்கியோ, அப்புறம் நாலு நாள் ஒசாகா. தங்குற இடம் அகாபானே பக்கம். வேலை முடிஞ்சதும் அங்க இருக்கிற "தாச்சினோமி", அதாவது நின்னுக்கிட்டே குடிக்கிற சின்னக் கடைகளுக்குப் போகணும்னு ஆசை. உள்ள போனதும் என்ன செய்யணும், காசு எப்போ கொடுக்கணும்னு தெரியலை. ஒரு ஆளுக்கு நிஜமா எவ்வளவு ஆகும்? ஹொப்பின்னு ஒண்ணு எல்லாக் கடையிலயும் இருக்காமே, அதை எப்படிக் கேட்டு வாங்குறது? கூட வர்ற நண்பர் முட்டைகூடத் தொடாத சைவம், பீர் மட்டும் சாப்பிடுவார். அவருக்குத் தொட்டுக்க என்ன கிடைக்கும்? தங்குமிடத்துல சைக்கிள் தர்றாங்க, அதுல போய் வரலாமா?

கிண்டி_குமரன்

நம்ம கையேந்தி பவன்ல விலை ஏன் கம்மியோ, அதே காரணம்தான் அங்கயும். நாற்காலி கிடையாது, அஞ்சு பேர் உட்கார்ற இடத்துல பத்து பேர் நிக்கலாம். ஒவ்வொருத்தரும் அரை மணி, மிஞ்சினா முக்கால் மணியில கிளம்பிடுவாங்க. ஒரே கிளாஸை வெச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் நின்னா அந்தக் கணக்கு உடைஞ்சு போகும். ரெண்டு கிளாஸ், ரெண்டு தட்டு, கிளம்பி அடுத்த கடை. இதுக்கு அங்க "ஹாஷிகோசாகே"ன்னு பேர். ஏணிப்படி மாதிரி ஒவ்வொண்ணா ஏறுறது.

வாசல்ல நோரென்னு ஒரு துணித் தொங்கல் மாட்டியிருந்தா கடை திறந்திருக்கு. உள்ள நுழைஞ்சதும் நேரா போய் நிக்காதீங்க. கதவு பக்கத்துலயே நின்னு எத்தனை பேர்னு விரலைக் காட்டுங்க, எங்க நிக்கணும்னு அவங்க கை காட்டுவாங்க. ஒருத்தர், ரெண்டு பேர்னா உடனே இடம் கிடைக்கும். நாலு பேரா போனா பெரும்பாலும் இடமில்லைன்னுதான் பதில் வரும். பெரிய பெட்டி இருந்தா ஸ்டேஷன் லாக்கர்ல வெச்சிட்டுப் போங்க. தோள்பையைக் கவுண்டருக்கு அடியில கொக்கி இருந்தா அதுல மாட்டுங்க, இல்லைன்னா காலுக்கு நடுவுல வெச்சுக்கங்க. முதல்ல குடிக்கிறதைச் சொல்லணும், சாப்பாட்டை அப்புறம் யோசிக்கலாம். ஆளுக்கு ஒரு கிளாஸ் கட்டாயம்னு பல கடைகள்ல விதியே உண்டு.

காசு கொடுக்கிறதுல பலரும் தடுமாறுற முறை ஒண்ணு இருக்கு. உங்க முன்னாடி ஒரு சின்னத் தட்டோ கிண்ணமோ இருக்கும். அதுல ஆயிரம் யென் நோட்டு ஒண்ணோ ரெண்டோ வெச்சிடுங்க. ஒவ்வொரு கிளாஸ் வரும்போதும் அவங்களே அதுல இருந்து எடுத்துக்கிட்டு மீதிச் சில்லறையை அதே தட்டுல போடுவாங்க. அந்தச் சில்லறையை எடுத்து பாக்கெட்ல போட்டா, அடுத்த தடவை அவங்க உங்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருக்கும். கூட்ட நேரத்துல அது பெரிய இடைஞ்சல். தட்டுலயே இருக்கட்டும். பத்தாயிரம் யென் நோட்டை வைக்காதீங்க. கிளம்பும்போது ஒரு யென் விடாம எடுத்துக்கிட்டுப் போங்க, டிப்ஸ் பழக்கமே அங்க கிடையாது, விட்டுட்டு வந்தா மறந்துட்டீங்கன்னு நினைச்சுப் பின்னாடியே ஓடி வருவாங்க. மத்த கடைகள்ல சீட்டுல எழுதி வெச்சு கடைசியில கணக்கு. அங்க "ஒகாய்கெய் ஒனெகாய்ஷிமாசு"ன்னா போதும். சில இடத்துல வாசல்லயே டோக்கன் மெஷின் இருக்கும், அல்லது போன்ல கியூஆர் ஸ்கேன் பண்ணி ஆர்டர் பண்ணணும். கார்டு வாங்காத கடை நிறைய, அதனால ரொக்கம் கையில இருக்கணும்.

செலவு: ஒரு கிளாஸ் 300 முதல் 500 யென், தட்டு 150 முதல் 400. ரெண்டு கிளாஸ், ரெண்டு தட்டுன்னு 1000 முதல் 1500 யென்ல வெளிய வரலாம். 100 யென் நம்ம காசுக்கு ஏறக்குறைய 55 - 60 ரூபாய்னு வெச்சுக்கங்க. "செம்பெரோ"ன்னு பலகை பார்த்தீங்கன்னா, ஆயிரம் யென்னுக்கு ரெண்டு மூணு கிளாஸும் ஒரு தட்டும் சேர்ந்த செட். உட்கார்ந்து குடிக்கிற "இசகாயா" கடைகள்ல கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வரும், அதுதான் "ஒதோஷி", ஆளுக்கு 300 - 500 யென் பில்லுல ஏறும். நின்னு குடிக்கிற கடைகள்ல பெரும்பாலும் அது இல்லை. சந்தேகம்னா "ஒதோஷி அரிமாசு கா?"ன்னு முதல்லயே கேட்டுடுங்க.

இன்னொண்ணு. கூட்டம் நெருக்கினா எல்லாரும் கவுண்டருக்கு நேரா நிக்காம, வலது தோள் முன்னாடி வர்ற மாதிரி உடம்பைப் பக்கவாட்டுல திருப்புவாங்க. கிளாஸ் வலது கையில, இடது தோள் பின்னால. அப்படித் திரும்பினா அதே நீளத்துல இன்னும் ரெண்டு மூணு பேர் நிக்கலாம். "டார்க்"னு இதுக்குப் பேர், டார்க் டக்ஸ்னு ஒரு பழைய பாட்டுக்குழு மேடையில அப்படித்தான் வரிசையா நிக்கும். பக்கத்துல இருக்கிறவர் திரும்பினா நீங்களும் திரும்பிடுங்க, யாரும் சொல்லணும்னு காத்திருக்காதீங்க.

நுங்கம்பாக்கம்_நிஹோங்கோ

ஹொப்பி பத்தி மட்டும் நான் சொல்றேன், அதுலதான் புதுசா வர்றவங்க அதிகமா தப்பு பண்றாங்க.

ஹொப்பி தனியா ஒரு சரக்கு இல்லை. பீர் ருசியில, 0.8 சதவீதம் மட்டுமே ஆல்கஹால் உள்ள பானம். 1948-ல பீர் வாங்க வசதியில்லாத காலத்துல விற்பனைக்கு வந்தது. அதை ஷோச்சுல, அதாவது காய்ச்சி வடிச்ச ஜப்பான் சாராயத்துல, கலந்துதான் குடிக்கணும். "ஹொப்பி செட்"னு கேட்டா ஐஸும் ஷோச்சுவும் இருக்கிற ஒரு மக், கூடவே 360 மில்லி ஹொப்பி பாட்டில் வரும். மக்ல இருக்கிற ஷோச்சுக்கு "நாகா", அதாவது உள்ளே. பாட்டிலுக்கு "சொத்தோ", வெளியே. மக் காலியானதும் "நாகா ஒகாவாரி"ன்னா ஷோச்சு மட்டும் மறுபடி ஊத்துவாங்க, அது செட் விலையில பாதியோ அதுக்கும் கீழயோதான்.

தப்பு எங்க நடக்குது? முதல் மக்லயே பாட்டில் முழுசையும் ஊத்திடுவாங்க. அப்புறம் நாகா வாங்கினா கலக்க ஒண்ணும் இருக்காது, இன்னொரு சொத்தோ வாங்கணும், மலிவுங்கிற பேச்சே போயிடும். பாட்டில்ல மூணுல ஒரு பங்கு ஊத்துங்க, ஒரு சொத்தோவுக்கு மூணு நாகா வரும். ஆனா அப்படிக் கலந்தா ஒவ்வொரு மக்குலயும் வீரியம் கூடும். கம்பெனிக்காரங்க சொல்ற அளவு ஒரு பங்கு ஷோச்சுக்கு அஞ்சு பங்கு ஹொப்பி, அதாவது 25 சதவீத ஷோச்சு 70 மில்லிக்கு ஒரு முழுப் பாட்டில். அதுதான் பீர் அளவுல, 5 சதவீதத்துல நிக்கும். மூணு பங்காப் பிரிச்சா 10 சதவீதத்தை நெருங்கிடும். ருசி பீர் மாதிரியே இருக்கிறதால நாக்குக்கு அது தெரியாது. பழக்கம் வர்ற வரைக்கும் ஒரு சொத்தோவுக்கு ரெண்டு நாகாவோட நிறுத்துங்க.

ஊத்தினப்புறம் கிண்டவே கிண்டாதீங்க. குச்சியைப் போட்டு ஆட்டினா கேஸ் போயிடும். பாட்டிலைக் கொஞ்சம் உயரத்துல இருந்து வேகமா ஊத்தினா தானே கலந்து நுரை நிக்கும். மக், ஷோச்சு, ஹொப்பி மூணையும் சில்லுனு வெச்சு ஐஸே போடாம தர்றதுக்கு "சான்ரெய்"னு பேர். அப்படித் தர்ற கடை கிடைச்சா அங்கயே குடிங்க, கடைசி மடக்கு வரைக்கும் நீர்த்துப் போகாது.

சைவ_பட்சணம்

உங்க நண்பருக்குச் சிக்கல் கறியில இல்லை, தாஷில. கத்சுவோபுஷின்னு சூரை மீனைக் காயவெச்சுச் சீவினது, நம்ம மாசிக்கருவாடு மாதிரி. அதைக் கொதிக்க வெச்சு எடுத்த சாறுதான் தாஷி. மிசோ (புளிக்க வெச்ச சோயா விழுது) சூப், ஓதேன் (சாறுல வேக வெச்ச முள்ளங்கி, தோஃபு மாதிரி), அகெதாஷி தோஃபு (பொரிச்ச சோயா பனீர்), வேக வெச்ச காய்னு எல்லாத்துலயும் அது இருக்கும். பார்த்தா கீரைதான் தெரியும், குழம்பு மீன் சாறு. "சைவம்"னு சொன்னா கறி இல்லைன்னு மட்டும் புரிஞ்சுக்கிட்டு, மீன் சாறு ஊத்தின காயைக் கொண்டு வந்து வெச்சிடுவாங்க. அவங்க மேல தப்பில்லை, தாஷியை மீன்னு அங்க யாரும் நினைக்கிறதில்லை.

அதனால பேரைச் சொல்லியே கேட்கணும். எதமாமே: உப்பு போட்டு வேக வெச்ச பச்சை சோயா, அனேகமா எல்லாக் கடையிலயும் உண்டு. ஹியாஷி தொமாதோ: குளிர்ந்த தக்காளித் துண்டு, கூட மயோனீஸ் வரும், முட்டை ஆகாதுன்னா "மயோ நுகி"ன்னு சொல்லணும். மொரோக்யூ: வெள்ளரியும் மிசோவும். ஹியாயாக்கோ: குளிர்ந்த தோஃபு, இஞ்சியும் வெங்காயத் தாளும் மேல. ஆனா அது மேலதான் சீவின மீனைத் தூவுவாங்க, காத்துல ஆடுற மெல்லிசுச் சுருள் அதுதான். "கத்சுவோபுஷி நுகி தே ஒனெகாய்ஷிமாசு"ன்னு ஆர்டர் பண்ணும்போதே சொல்லுங்க, வந்தப்புறம் எடுத்துப் போடுறது நல்லா இருக்காது. மேஜையில இருக்கிற சோயா சாஸ் "தாஷி ஜோயு"வா இருந்தா அதுலயும் மீன், உப்பு கேட்டு வாங்குங்க.

உருளைக்கிழங்கு சாலட் வேண்டாம், ஹாமும் மயோனீஸும் இருக்கும். பிரெஞ்ச் ஃபிரைஸ் கோழி பொரிச்ச எண்ணெயிலயே பொரிச்சதா இருக்கலாம். ஒசாகாவுல குச்சியில குத்தி மாவுல முக்கிப் பொரிக்கிற குஷிகாத்சுல தாமரைத் தண்டு, வெங்காயம், காளான் கிடைக்கும், ஆனா மாவுல முட்டை, எண்ணெயில மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கலாம். இதை நண்பர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. வெறும் வயித்துல குடிக்காம, பக்கத்துக் கன்வீனியன்ஸ் ஸ்டோர்ல உப்பு மட்டும் போட்ட "ஷியோ முசுபி" சோத்துருண்டை சாப்பிட்டுட்டுப் போறது நல்லது.

அசைவம் சாப்பிடுறவங்களுக்கும் ஒரு வார்த்தை: "மோத்சு" குடல், "யாகிதோன்" பன்றி, "க்யூசுஜி"யும் "தோதேயாகி"யும் மாட்டு நரம்பு. எது ஆகாதோ அந்தப் பேரை மனசுல வெச்சுக்கங்க.

பல்லாவரம்_பயணி

கோடி நன்றி. சாகே, அதாவது அரிசி மது பத்தி ஒரு சந்தேகம். ஒரு "கோ"ன்னா 180 மில்லின்னு போட்டிருக்கு. அப்போ நம்ம குவாட்டர் அளவா? வழிய வழிய ஊத்தித் தர்றாங்களே, அதை எப்படி எடுக்கிறது?

ராயபுரம்_ரவுண்டு

அளவு அதேதான், வீரியம் வேற. சாகே 15 சதவீதம், குவாட்டர் பிராந்தி 42.8. மில்லியை சதவீதத்தால பெருக்கி, 100-ஆல வகுத்து, 0.8-ஆல பெருக்கினா சுத்த ஆல்கஹால் கிராம் கணக்கு வரும். ஒரு கோ சாகே ஏறக்குறைய 22 கிராம், குவாட்டர் 62 கிராம். 500 மில்லி பீர் 20. ஹொப்பியில 70 மில்லி நாகா ஒண்ணு 14. ஜப்பான் சுகாதார அமைச்சகம் 2024 பிப்ரவரியில வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஒரு நாளைக்கு ஆண்களுக்கு 40 கிராம், பெண்களுக்கு 20 கிராமோ அதுக்கு மேலயோ போனா வாழ்க்கைமுறை நோய்களுக்கான ஆபத்து கூடும். ரெண்டு கோ குடிச்சாலே அந்த எல்லையைத் தாண்டியாச்சு.

வழிய ஊத்துறது "மொக்கிரி". கிளாஸ் ஒரு மரப்பெட்டிக்குள்ளயோ தட்டுலயோ நிக்கும், விளிம்பைத் தாண்டி அதுல வழியும். கிளாஸைத் தூக்கினா கை, சட்டை எல்லாம் நனையும். குனிஞ்சு வாயை விளிம்புக்குக் கொண்டு போய் முதல் மடக்கை உறிஞ்சுங்க, எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. பாதியானதும் பெட்டியில இருக்கிறதைக் கிளாஸ்ல ஊத்திக்கலாம். நடுவுல "ஒமிசு"ன்னு தண்ணி கேளுங்க, காசில்லை.

சைக்கிள் விஷயத்துக்கு வர்றேன், இதை நண்பர்கிட்டயும் கண்டிப்பா சொல்லுங்க. குடிச்சிட்டு சைக்கிள் ஓட்டவே கூடாது. 2024 நவம்பர் 1-ல இருந்து, மூச்சுல லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தாலே சைக்கிளுக்கும் 3 வருஷம் வரை சிறை அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம். சைக்கிள்ல வந்தவர்னு தெரிஞ்சு சரக்கு கொடுத்த கடைக்காரருக்கும், குடிச்சவருக்கு சைக்கிள் கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு. அதாவது உங்களால கடைக்காரரும் மாட்டுவார். நடந்து போங்க, இல்லை ரயில்ல போங்க. கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போயிடும், நேரத்தைப் பார்த்து வெச்சுக்கங்க. பாஸ்போர்ட் எப்பவும் கையில இருக்கணும். குடிக்கிற வயசு அங்க 20.

கிண்டி_குமரன்

இடம் சொல்ல மறந்துட்டேன். அகாபானேல தங்குறீங்கன்னா தேடவே வேண்டாம், ஸ்டேஷன் கிழக்கு வாசல் ஒட்டின இச்சிபான்காய் தெருவுல பகல்லயே திறந்திருக்கிற கடைகள் உண்டு. அங்க ஒரு ஓதேன் கடையில, கிளாஸ்ல கடைசியா கொஞ்சம் சாகே மிச்சம் வெச்சு நீட்டினா, ஓதேன் சாறைச் சூடா ஊத்தி மிளகாய்ப் பொடி தூவித் தருவாங்க. "தாஷிவாரி"ன்னு பேர், நவம்பர் குளிருக்கு அதைத் தாண்டி ஒண்ணு இல்லை. உயெனோல அமெயோகோ பக்கமும் பகல்லயே திறப்பாங்க. ஷிம்பாஷி ஆபீஸ்காரங்க ஏரியா, வெள்ளிக்கிழமை நிக்க இடமிருக்காது, ஞாயித்துக்கிழமை பல கடைகள் லீவு. தாதெயிஷி பத்தின பழைய குறிப்புகளை நம்பிப் போகாதீங்க, ஸ்டேஷனுக்கு வடக்குப் பக்கக் கடைகள் மறுகட்டுமானத்துக்காக 2023-ல மூடியாச்சு.

ஒசாகாவுல உமேதா, க்யோபாஷி, தென்மா. உமேதா ஸ்டேஷன் பாலத்தடியில இருக்கிற ஷின் உமேதா ஷொகுதோகாய் சாப்பாட்டுத் தெருவுல நின்னு சாப்பிடுற குஷிகாத்சு கடைகள் உண்டு. பொதுச் சாஸ் தட்டு இருந்தா குச்சியை ஒரே ஒரு தடவைதான் முக்கணும். பத்தலைன்னா முட்டைக்கோஸ் இலையால அள்ளி ஊத்திக்கலாம். காலிக் குச்சியைத் தூக்கிப் போடாதீங்க, அதை எண்ணித்தான் பில்.

சாராயக்கடைக்குள்ளயே ஒரு மூலையில நின்னு குடிக்கிற "காகு-உச்சி"யையும் ஒரு தடவை பாருங்க. ஃபிரிட்ஜ்ல இருந்து நீங்களே பாட்டிலை எடுத்து, கல்லாவுல காசு கொடுத்து, அங்கயே திறக்கணும். கடை விலையேதான், ரொம்பப் போனா கொஞ்சம் கூட. சமைக்க உரிமம் இல்லாத கடைகள்ல தொட்டுக்க டின் மீன், கடலை, காஞ்ச கணவாய்தான். உங்க சைவ நண்பருக்கு அந்தக் கடலை போதும்.

கன்வீனியன்ஸ் ஸ்டோர்ல கேன் வாங்கித் தெருவுல குடிக்கலாமான்னு கேட்பீங்க. ஜப்பான்ல பொதுவா தடையில்லை, ஆனா ஷிபுயா ஸ்டேஷன் சுத்துவட்டாரத்துல 2024 அக்டோபர்ல இருந்து வருஷம் முழுக்க மாலை 6 முதல் காலை 5 வரை தடை. காபுகிச்சோ மாதிரி இரவுக் கேளிக்கை இடங்கள்ல ரோட்டுல நின்னு கூப்பிடுறவங்க பின்னால மட்டும் போகாதீங்க, நல்ல தாச்சினோமிக்கு ஆள் பிடிக்கிற ஆள் தேவைப்படாது.