நிலத்தடி நீரிலிருந்து வேருக்கு ஏறும் ஈரம்: ‘அடியீர வரவு’ எனலாமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். நிலத்தடி நீரிலிருந்து வேருக்கு ஏறும் ஈரத்துக்கு நம் சொற்பட்டியலில் ஒரு சொல் வேண்டும் என்றதற்கு, குழுவில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> நீர்மட்டம் இறங்கினால் பயிர் காய்கிறது. அதற்கு ‘நிலத்தடி நீர் வறட்சி’ என்ற சொல் இருக்கிறதே. இன்னொரு சொல் எதற்கு?

இன்னொரு சொல் கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து. நிலத்தடி நீர் பயிரை வந்து சேர இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டையும் ஒரே பெயரில் அடைத்துவிட்டால், அதில் ஒன்று யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது.

பல்லடம், சூலூர் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே கடினப் பாறை. பாறை வெடிப்புகளில் தேங்கிய நீரைத் தேடி ஆயிரம் அடிக்கும் கீழே போர் போட்டிருக்கிறார்கள். அந்த நீருக்கும் மேலே நிற்கும் சோளத்தின் வேருக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. மோட்டார் ஓடினால்தான் பயிருக்கு நீர். அங்கே நீர்மட்டம் இறங்கினால் பாசனம் நின்றுவிடும். ‘நிலத்தடி நீர் வறட்சி’ என்ற சொல் அங்கே சரியாகப் பொருந்துகிறது. அதை அப்படியே வைத்துக்கொள்வோம்.

காவிரி டெல்டாவில் கதை வேறு. சம்பா, தாளடி அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாளுக்கு முன்பு, நெல் நிற்கும்போதே உளுந்தையும் பயறையும் தூவிவிடுவார்கள். மண் மெழுகு பதத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. ஆடுதுறை 3 போன்ற உளுந்து ரகங்கள் இந்த நெல் தரிசுக்கு உரியவை. அதன் பிறகு பெரும்பாலான வயல்களில் பாசனமே இல்லை. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சொல்லிக்கொள்ளும்படி மழையும் இராது. ஆனாலும் எழுபது நாள் போலப் பயிர் தாக்குப்பிடித்துக் காய்த்துவிடுகிறது.

எதைக் குடித்து? ‘எஞ்சிய ஈரமும் பனியும்’ என்பதுதான் வழக்கமான பதில். அது தவறில்லை, ஆனால் முழுமையும் இல்லை. மாதக்கணக்கில் நீர் நின்ற வயலில், நிலத்தடி நீர்மட்டம் தரைக்கு அருகிலேயே இருக்கும். அந்த மட்டத்திலிருந்து மண்ணின் நுண்துளைகள் வழியாக நீர் மேல்நோக்கி ஏறிக்கொண்டே இருக்கிறது. எஞ்சிய ஈரம் ஓர் இருப்பு. எடுக்க எடுக்கக் குறையும். கீழிருந்து ஏறுவதோ வரவு. நீர்மட்டம் எட்டும் தூரத்தில் இருக்கும்வரை நாள்தோறும் வந்துகொண்டிருக்கும். நாம் பெயர் வைக்க வேண்டியது இந்த வரவுக்குத்தான்.

> தந்துகி ஏற்றம், நுண்புழை ஏற்றம் என்று பாடநூலில் உள்ளதே? எங்கள் பக்கம் மயிர்த்துளை எழுகை என்போம்.

மூன்றும் நல்ல சொற்கள். யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன மயிர்த்துளை, காதில் விழுந்ததும் புரிகிற சொல். ஆனால் இவை மூன்றும் நிகழ்வின் பெயர்கள். துளை எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு உயரம் நீர் ஏறும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு ஆரமுள்ள துளையில் கணக்குப்படி சுமார் ஒன்றரை மீட்டர் ஏறும். இது இயற்பியல். வேளாண்மையில் கேட்கும் கேள்வி வேறு: இன்று பயிர் செலவழித்த 3 மி.மீ. நீரில் கீழிருந்து வந்தது எத்தனை மி.மீ.? ஏறும் உயரமும் ஏறும் அளவும் ஒன்றல்ல. களிமண்ணில் நீர் நெடுந்தூரம் ஏறும், ஆனால் மிக மெதுவாக ஏறுவதால் பயிரின் தேவைக்கு ஈடுகொடுக்காது. மணலில் வேகமாக ஏறும், கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிடும். வண்டல் கலந்த இடைப்பட்ட மண்தான் பயிருக்கு அதிகம் தருகிறது. ஆகவே நிகழ்வுக்கு நுண்புழை ஏற்றம் இருக்கட்டும். அதனால் வேருக்குக் கிடைக்கும் நீரின் அளவுக்குத் தனிப்பெயர் வேண்டும்.

இனி, இதுவரை வந்த பரிந்துரைகள்.

‘நிலத்தடி நீர் மானியம்’. ஆங்கிலக் கட்டுரைகளில் புழங்கும் groundwater subsidy என்ற சொல்லின் நேர் பெயர்ப்பு. இதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். தமிழ்நாட்டு விவசாயியிடம் இந்தத் தொடரைச் சொன்னால் பம்புசெட்டுக்குத் தரும் இலவச மின்சாரம் என்றுதான் புரிந்துகொள்வார். அவர் புரிந்துகொண்டதில் எந்தப் பிழையும் இருக்காது.

‘ஓதநீர்’. எனக்கு மிகவும் பிடித்த பரிந்துரை இதுதான். சுவரில் ஓதம் ஏறிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறோம்; நிகழ்வும் அதேதான். ஆனால் பள்ளி நிலவியல் பாடத்தில் கடல் நீர் உயர்ந்து தாழ்வதற்கு ஓதம் என்று பெயர். நாகப்பட்டினம், வேதாரண்யம் பகுதியில் வயலுக்குக் கடல்நீர் புகுவது உண்மையான பிரச்சினை. அங்கே ‘ஓதநீரால் பயிர் பிழைத்தது’ என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். மனமில்லாமல்தான் இதை விடுகிறேன்.

‘கீழூட்டு நீர்’. பொருள் சரி. ஆனால் நிலத்தடி நீர் செறிவூட்டல் என்ற சொல் ஏற்கெனவே பரவலாக இருக்கிறது. அது மேலிருந்து கீழே போகும் நீர். இரண்டிலும் ஊட்டு வந்தால் எது எந்தத் திசை என்று படிப்பவர் தடுமாறுவார்.

என் பரிந்துரை ‘அடியீர வரவு’. அடியுரம் (விதைக்கும் முன் இடுவது), மேலுரம் (பயிர் வளரும்போது இடுவது) என்று எல்லா விவசாயிகளுக்கும் பழகிய இணை இருக்கிறது. அதே அச்சில் அடியீரம் என்றால் விளக்கம் இல்லாமலே பாதி புரிந்துவிடும். நீர்க்கணக்கு எழுதும்போதும் வசதி. மழை, பாசனம், அடியீரம் மூன்றும் வரவுப் பக்கம். இலை வழியே போவதும் மண்ணிலிருந்து ஆவியாவதும் கீழே வடிவதும் செலவுப் பக்கம். வானொலியில் சொன்னால் அடியுரம் என்று காதில் விழலாம் என்ற ஐயம் எழலாம். வரவு என்ற சொல் ஒட்டி வருவதால் குழப்பம் வராது என்று நம்புகிறேன்.

இந்தச் சொல் இல்லாததால் இழப்பு என்ன என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. மழை பொய்த்த வறட்சி எல்லோர் கண்ணுக்கும் தெரியும். மழை சரியாகப் பெய்து, சம்பாவும் நன்றாக விளைந்த ஓர் ஆண்டை நினைத்துப் பாருங்கள். சுற்றிலும் பில்டர் பாயிண்டுகள் (ஆழம் குறைந்த குழாய்க் கிணறுகள்) இரவு பகலாக ஓடி, மேல்மட்ட நீர் பிப்ரவரியிலேயே கீழே போய்விடுகிறது. தண்ணீரே இறைக்காத ஒருவருடைய உளுந்து பூக்கும் நேரத்தில் வாடுகிறது. மழைப் பதிவேட்டில் குறை இருக்காது, அவரிடம் வற்றிப்போக ஒரு கிணறும் இருக்காது. அவருக்கு நேர்ந்த இழப்பை எந்தத் தலைப்பில் எழுதுவது? அடியீர வரவு அறுந்தது என்று எழுத முடிந்தால் அவர் பக்கம் பேச ஒரு பிடி கிடைக்கும். எனக்கு இதில் இவ்வளவு அக்கறை இருப்பது அவருக்காகத்தான்.

ஒன்றை வரையறையிலேயே சேர்க்க வேண்டும். அடியீரம் எப்போதும் நன்மை செய்யும் என்ற எண்ணம் வரக் கூடாது. கீழே உள்ள நீர் உவராக இருந்தால் உப்பும் கூடவே ஏறும். நீர் ஆவியாகிப் போக, உப்பு வேர்ப்பகுதியில் தங்கிவிடும். நீர்மட்டம் வேரையே மூடும் அளவுக்கு மேலே வந்தால் காற்றில்லாமல் வேர் அழுகும். அறுவடைக்குப் பின் களிமண் பாளம் பாளமாக வெடித்தால், ஏறி வரும் ஈரம் வேரைச் சேருமுன் வெடிப்பு வழியாகவே காற்றில் போய்விடும்.

வரையறையை இப்படி வைக்கலாமா?

அடியீர வரவு: நிலத்தடி நீர்மட்டத்திலிருந்து நுண்புழை ஏற்றத்தால் பயிரின் வேர்ப்பகுதிக்கு வந்து சேரும் நீரின் அளவு, நாளொன்றுக்கு மி.மீ. கணக்கில் குறிப்பது.

எடுத்துக்காட்டு: ‘மார்ச் நடுவில் நீர்மட்டம் இறங்கியதால் அடியீர வரவு நின்று, உளுந்தில் காய்பிடிப்பு குறைந்தது.’

இன்னும் ஒரு சொல் பாக்கி. நீர்மட்டம் எந்த ஆழத்துக்குக் கீழே போனால் இந்த வரவு இல்லாமல் போகிறதோ அந்த ஆழத்துக்கு என்ன பெயர்? வேர்ப்பகுதியின் அடியிலிருந்து நீர்மட்டம் சுமார் ஒரு மீட்டருக்கு மேல் விலகிவிட்டால் வரவைப் பொதுவாகச் சுழியமாகக் கொள்ளலாம் என்பது உலக உணவு வேளாண் அமைப்பின் 1998 பாசன வழிகாட்டி தரும் கணக்கு. உளுந்தின் வேர் அரை மீட்டர் இறங்கியிருந்தால் நீர்மட்டம் ஒன்றரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். இதற்கு ‘எட்டாழம்’ என்று ஒன்று தோன்றுகிறது, எட்டும் ஆழம் என்ற பொருளில். ஆனால் ‘எட்டாத ஆழம்’ என்றும் பிரித்துப் படிக்க இடமிருக்கிறது. இலக்கணம் அறிந்தவர்கள் இதைவிடத் தெளிவாக ஒன்று தாருங்கள். சுண்ணக்கல்லும் செம்மண்ணும் உள்ள யாழ்ப்பாணத்தில் அடியீரம் என்ற சொல் இதே பொருளில் ஒலிக்குமா என்று நண்பர் எழுதினால், அதற்குப் பிறகு பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்