பைகார்பனேட் கரைசலில் எக்ஸ்65 எஃகு: ஒவ்வொரு ஓட்டத்திலும் உச்சம் சுருங்குகிறது, ஏன்?

ஆய்வுமாணவி:
வணக்கம். எக்ஸ்65 குழாய் எஃகை 0.5 மோலார் சோடியம் பைகார்பனேட் கரைசலில் வைத்து, அறை வெப்பநிலையில் மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே மின்னோட்டத்தை அளக்கிறேன். வேகம் விநாடிக்கு 0.5 மில்லிவோல்ட். ஆக்சிஜனை விரட்ட நைட்ரஜன் விடுகிறேன். ஒரே தகட்டில் வெட்டிய மூன்று துண்டுகள், ஒரே 400 மில்லி கரைசல். முதல் துண்டில் நேர்மின் உச்சம் (எஃகு கரையும்போது மின்னோட்டம் எட்டும் உச்சி) நன்றாக உயர்ந்தது, அடுத்ததில் குறைந்தது, மூன்றாவதில் இன்னும் குறைந்தது. உச்சம் எதிர்மறைப் பக்கமாகவும் நகர்கிறது, முதலுக்கும் மூன்றாவதுக்கும் சுமார் 50 மில்லிவோல்ட். போதாததற்கு, மூன்றிலுமே இன்னொரு சிறிய உச்சம் வருகிறது. கரைசலில் அழுக்கா? ஒரு வாரமாக இதிலேயே நிற்கிறேன்.

பட்டறைக்காரர்:
துண்டைப் பதித்திருக்கும் எபாக்சி பிசினுக்கும் எஃகுக்கும் நடுவே இடுக்கு இருந்தால் அங்கே தனியாக அரிக்கும், உச்சம் மாறும். துண்டை எடுத்து நுண்ணோக்கியில் ஓரத்தைப் பாருங்கள்.

ஆய்வுமாணவி:
பார்த்துவிட்டேன் ஐயா, மூன்றிலும் ஓரம் சுத்தமாகத்தான் இருக்கிறது.

மின்வேதி:
இரண்டாவது உச்சம் இயல்பானது, அதை விட்டுவிடுங்கள். முதல் உச்சத்தில் இரும்பு கரைந்து இரும்பு(2) ஹைட்ராக்சைடும் கார்பனேட்டும் உருவாகின்றன. அப்புறம் அந்தப் படலமே இரும்பு(3) நிலைக்கு ஆக்சிஜனேற்றம் அடையும்போது இரண்டாவது எழும்பும். எனக்கு உறுத்துவது வேறொன்று: சோதனை செய்த வரிசையிலேயே உச்சமும் குறைந்திருக்கிறது. பிஎச் எப்போது அளந்தீர்கள்?

ஆய்வுமாணவி:
காலையில் கரைசல் தயாரித்ததும். 8.3 இருந்தது. நைட்ரஜன் அதிலிருந்து நாள் முழுக்க ஓடுகிறது.

மின்வேதி:
இப்போதே அளந்து சொல்லுங்கள்.

ஆய்வுமாணவி:
9.1!

மின்வேதி:
அதுதான் காரணம். நைட்ரஜன் ஆக்சிஜனை மட்டும் விரட்டுவதில்லை, கார்பன் டை ஆக்சைடையும் அள்ளிக்கொண்டு போகிறது. அது போகப் போக இரண்டு பைகார்பனேட் அயனிகள் சேர்ந்து ஒரு கார்பனேட்டாகவும் ஒரு கார்பன் டை ஆக்சைடாகவும் உடைகின்றன, பிஎச் ஏறுகிறது. சூடாக்கினால் இன்னும் வேகமாக நடக்கும். பைகார்பனேட் இரும்பின் படலத்தைக் கரைத்து, கரையும் கார்பனேட் அணைவுச் சேர்மமாக இரும்பை எடுத்துச் செல்லும். அது குறைந்து கார்பனேட் கூடும்போது எஃகு சீக்கிரமாகவே பாசிவ் நிலைக்கு, அதாவது படலம் மூடி கரைவது மிகவும் குறையும் நிலைக்குப் போய்விடும். உங்கள் 50 மில்லிவோல்ட்டும் கணக்கில் பொருந்துகிறது: 25 டிகிரியில் ஒரு பிஎச் அலகுக்கு சுமார் 59 என்றால் 0.8 அலகுக்கு 47.

95 விழுக்காடு நைட்ரஜன், 5 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயுவுக்கு மாறுங்கள். உங்கள் செறிவில் அது பிஎச்சை ஏறக்குறைய 8.5ல் பிடித்து வைக்கும். சுத்தமான கார்பன் டை ஆக்சைடு விட்டுவிடாதீர்கள், 7.2 பக்கம் இறங்கிவிடும், அப்போது வேறொரு சோதனையைச் செய்துகொண்டிருப்பீர்கள். ஒவ்வொரு துண்டுக்கும் புதுக் கரைசல், ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் பிஎச். வரிசையைத் தலைகீழாக்கியும் ஒருமுறை ஓட்டுங்கள்.

குழாய்ப்பொறியாளர்:
பிஎச் விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அம்மா. பூச்சு உரிந்த இடத்தில் நிலத்தடி நீர் தேங்கி, குழாய் அரிக்காமலிருக்க நாங்கள் செலுத்தும் கேத்தோடு (எதிர்மின்வாய்) பாதுகாப்பு மின்னோட்டத்தால் செறிந்த கார்பனேட்-பைகார்பனேட் கரைசலாக மாறினால், 9க்கு மேற்பட்ட பிஎச்சில் படிக எல்லைகள் வழியே விரிசல் ஓடும். நீர்த்த கரைசலில் 6 முதல் 7.5 வரை என்றால் விரிசல் படிகங்களை ஊடுருவியே போகும். இரண்டும் வேறு வேறு நோய்கள். 1965ல் அமெரிக்காவின் லூசியானாவில் நாச்சிடோச்சஸ் அருகே எரிவாயுக் குழாய் இப்படி அரிப்பால் ஓடிய விரிசலால் வெடித்து 17 பேர் இறந்தார்கள். உங்கள் தரவை நாளை யாராவது ஒரு குழாயின் ஆயுளைக் கணிக்க எடுக்கலாம், அதனால் ஒவ்வொரு வரைபடத்துக்குப் பக்கத்திலும் பிஎச்சை எழுதிவிடுங்கள்.

இன்னொன்று: மேற்கோள் மின்முனை (மின்னழுத்தத்தை எதனுடன் ஒப்பிட்டு அளக்கிறீர்களோ அது) எது என்பதையும் குறிப்பிடுங்கள். நிறைவுற்ற கேலோமல் (பாதரசக் குளோரைடு) மின்முனைக்கும் செம்பு-செம்பு சல்பேட் மின்முனைக்கும் சுமார் 75 மில்லிவோல்ட் வித்தியாசம். களத்தில் நாங்கள் பின்னதைத்தான் பயன்படுத்துகிறோம்.

ஆய்வுமாணவி:
நான்கு நாள் கழித்து வருகிறேன். கலவை வாயு, புதுக் கரைசல், தலைகீழ் வரிசை, எல்லாம் செய்தேன். பிஎச் 8.5லேயே நின்றது. மூன்று வளைவுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வருகின்றன. பழைய தரவை எடுத்துவைத்துவிட்டு, எல்லாத் துண்டுகளையும் மறுபடி ஓட்டுகிறேன். மிக்க நன்றி.