சாயம் ஏத்தி ஸ்கான் எடுத்து ஒத்துக்கொள்ளாமல் போனவர்கள் யாராவது?

புதுக்குடியிருப்பிலிருந்து:
சித்தப்பாவின் முதுகில் 2009 போரில் பட்ட செல் (எறிகணை) துண்டு இன்னும் இருக்கிறது. வன்னியில் பலருக்கு இப்படித்தான். எம்.ஆர்.ஐ. என்றால் அதன் காந்தம் உள்ளே இருக்கிற இரும்பை இழுக்குமோ என்று டொக்டர்மார் யோசிப்பார்கள், சிடி எடுப்போம் என்பார்கள். வயிற்று நோவுக்குப் போனவருக்கும் அயடீன் சாயம் ஏத்தி சிடிதான் எடுத்தார்கள். உடம்பெல்லாம் சூடு பரவும், சிறுநீர் போனது போல இருக்கும், பயப்படாதீர்கள் என்று முதலே சொல்லியிருந்தார்கள். அது வந்து போனது. அப்புறம்தான் பிரச்சினை. எழும்ப முதலே உள்ளங்கையைச் சொறியத் தொடங்கினார், தும்மினார். "தொண்டைக்குள்ள என்னவோ அடைக்குது" என்றபோது குரலே மாறியிருந்தது. பிரஷரும் விழுந்துவிட்டது. காலை உயர்த்தி வைத்து, தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. அடங்கினது திரும்பவும் வரலாம் என்று இரவு வாட்டிலேயே மறித்துவிட்டார்கள்.

பார்க்க வந்த சனமெல்லாம் "இறால் ஒத்துவராதோ?" என்று கேட்டதுதான் எரிச்சல். இறாலிலும் அயடீன் இருக்கிறதாம், அதனால்தானாம். நந்திக்கடல் இறாலில் வளர்ந்த மனுசன் அவர்! இறால் ஒவ்வாமை அதிலுள்ள புரதத்தால் வருவது, அயடீனால் அல்ல.

மாங்குளத்திலிருந்து:
அக்காவுக்கு முன்பு சாயம் ஏத்தி உடம்பெல்லாம் தடித்தது. அடுத்த ஸ்கானுக்கு 13, 7, 1 மணித்தியாலம் முன்னால் ஒவ்வாமையைத் தணிக்கும் பிரெட்னிசொலோன் குளிசை 50 மில்லிகிராம் போடச் சொன்னார்கள். ஸ்கான் காலை 10 மணிக்கு. அப்படியென்றால் இரவு 9, விடிய 3, காலை 9. மூன்று மணிக்கு எழுப்புகிற வேலை எனக்கு, திட்டும் எனக்கு. இந்த முறை ஒன்றும் வரவில்லை. ஆனால் குளிசை போட்டாலும் வரலாம் என்று சொல்லித்தான் ஏத்தினார்கள்.

வவுனியாவிலிருந்து:
நான் ஸ்கான் அறையில் வேலை. இப்போதைய சாயங்களில் கடுமையான ஒவ்வாமை 10,000 பேரில் 4 பேர் அளவில்தான். வந்தால் பெரும்பாலும் முதல் 20 நிமிடத்துக்குள் வந்துவிடும். அதனால்தான் கையில் குத்தின கனுலாவை (மருந்து ஏத்தும் குழாயை) கழற்றாமல் இருத்தி வைக்கிறோம். எங்கள் சனத்துக்கு பஸ்தான் கவலை, "கழற்றுங்கோ, போகவேணும்" என்று நிற்பார்கள்.

புதுக்குடியிருப்புக்காரர், சித்தப்பாவின் கிளினிக் கொப்பியைப் பாருங்கள். 'சாய ஒவ்வாமை' என்று மட்டும் இருந்தால் காணாது. எந்தச் சாயம் என்று தெரிந்தால்தான் அடுத்த முறை வேறொன்றை மாற்றி ஏத்தலாம்.

புதுக்குடியிருப்பிலிருந்து:
பார்த்தேன். அயோஹெக்சோல் என்று சிவப்புப் பேனையால் எழுதியிருக்கிறார்கள்.