குழந்தைக்குத் திரும்பத் திரும்ப வரும் கீரிப்பூச்சி: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் 6 வயது மகளுக்கு இரவு படுத்ததும் ஆசனவாயில் கடும் அரிப்பு. தூங்காமல் நெளிகிறாள், பகலெல்லாம் எரிந்து விழுகிறாள். வெள்ளை நூல் துண்டு போன்ற புழுக்களைக் கண்ணாலேயே பார்த்தோம். ஆனால் மலப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது! இந்தப் புழு இரவில் வெளியே வந்து தோலில்தான் முட்டையிடுமாம். அதனால் மலத்தில் பெரும்பாலும் அகப்படாது. காலையில் கழுவுவதற்கு முன் ஒட்டும் டேப்பால் ஒற்றியெடுத்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் விளக்கினார்.

அல்பெண்டசோல் 400 மி.கி. கொடுத்தோம். அது புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது என்பதால் 2 வாரம் கழித்து மறுபடியும் ஒரு வேளை. அரிப்பு நின்றது, பிறகு திரும்பிவிட்டது. இப்போது வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் சாப்பிட வேண்டும் என்கிறார்கள். என் மாமனாரோ, "எனக்கு ஏதம்மா பூச்சி?" என்று மாத்திரையைத் தொடவே மறுக்கிறார். அறிகுறி இல்லாதவரிடமும் இது இருக்கலாம் என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

நாத்தனார் 2 மாதக் கர்ப்பிணி. அவருக்கு இப்போது மாத்திரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவரை விட்டுவிட்டு மற்றவர்கள் மட்டும் சாப்பிட்டால் பலன் இருக்குமா? இதே நிலையில் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள்?

நகம் வெட்டுதல், காலைக் குளியல், உள்ளாடையையும் படுக்கை விரிப்பையும் வெந்நீரில் துவைத்தல் எல்லாம் நடக்கிறது. விரல் சூப்பும் பழக்கம்தான் போகவில்லை. அதை நிறுத்த வழி இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். கஷாய யோசனைகள் மட்டும் வேண்டாம். வாயில் வைத்ததைச் சுவரெல்லாம் துப்பிவிட்டாள்.