மெர்சிடிஸ் டபிள்யூ123 கார்: இரவில் மீட்டர் தெரியவில்லை

கேள்வி: 1982 மாடல். பல்பெல்லாம் புதுசு, ஆனாலும் மங்கல். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் குமிழைத் திருப்பினால் மினுக்குகிறது. 5 வாட் பல்பு போடலாமா?

பதில் 1: வேண்டாம், சூட்டில் பிளாஸ்டிக் கூடு உருகும். 12 வோல்ட் 3 வாட்டே போதும். மினுக்கினால் கோளாறு ரியோஸ்டாட்டில்தான் (டிம்மர் குமிழோடு சேர்ந்த, கூட்டிக் குறைக்கக்கூடிய மின்தடை). சுருள்கம்பியில் களிம்பு பிடித்திருக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு குமிழை இருபக்கமும் இருபது முப்பது தடவை முழுசாகத் திருப்புங்கள். சரியாகாவிட்டால் கிளஸ்டரை (மீட்டர்கள் எல்லாம் இருக்கும் தொகுதி) வெளியே எடுத்து, ரியோஸ்டாட்டில் கான்டாக்ட் கிளீனர் (மின்தொடர்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) அடியுங்கள்.

பதில் 2: எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஆயில் பிரஷர் மீட்டருக்குப் பின்னால் நிஜமாகவே எண்ணெய் வரும் மெல்லிய குழாய் இருக்கிறது. மடங்கி உடைந்தால் கார்பெட் நாசம். ஸ்பீடோமீட்டர் கேபிளையும் கழற்ற வேண்டும்.

பதில் 3: திறந்ததும் கூட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளை மஞ்சளித்துப் போயிருந்தால் மேட் வெள்ளை பெயின்ட் ஒரு கோட். பல்பு மாற்றுவதைவிட இதற்குத்தான் பலன் அதிகம். டயலில் ஆல்கஹால் படக்கூடாது, எண்கள் அழிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்: எல்இடி?

பதில் 1: பழைய ரியோஸ்டாட்டில் ஒழுங்காக மங்காது, வெளிச்சமும் திட்டுத்திட்டாக விழும். சார்ஜ் எச்சரிக்கை விளக்கில் மட்டும் போடவே கூடாது. ஆல்டர்னேட்டர் (பேட்டரியை சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) கிளம்பத் தேவையான மின்னோட்டம் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது.