தனியே ஓட்டினால் சரி, இம்போர்ட் செய்தால் முரண்: உதவி தேவை

குளக்கட்டு:
வணக்கம். இரணைமடுக் குளத்துக்குக் கீழ் வயல் செய்யும் கமக்காரருக்காகப் புரொட்டேஜே என்ற மென்பொருளில் ஓர் அறிவுத்தளம் கட்டுகிறேன். பொதுச் சொற்கள் ஒரு கோப்பில், காலபோகம், சிறுபோகம் என்ற இரண்டு நெற்பருவமும் தனித்தனி மொடியூலாக. ஒவ்வொன்றையும் தனியே ஹெர்மிட்டில் (முரண் இருக்கிறதா என்று பார்க்கும் ரீசனர்) ஓட்டினால் ஒரு பிரச்சினையும் இல்லை. இரண்டையும் ஒரே கோப்பில் இம்போர்ட் செய்தவுடன் முழுவதும் முரண் என்கிறது. ஒன்றில் உள்ளது மற்றதைத் தொடக்கூடாது என்றுதானே பிரித்தேன்?

வாய்க்கால்கரை:
அந்தப் பிழைப் பெட்டியிலேயே எக்ஸ்பிளெய்ன் பொத்தான் இருக்கும். அழுத்தி, மோதுகிற வரிகளை இங்கே போடுங்கோ தம்பி.

குளக்கட்டு:
மூன்று வரிதான் அண்ணை.
வயல்7 ஒரு மழைநீர் வயல்.
வயல்7 ஒரு வாய்க்கால்நீர் வயல்.
மழைநீர் வயல் எதுவும் வாய்க்கால்நீர் வயல் ஆகாது.

வாய்க்கால்கரை:
சரி, பிடிபட்டுவிட்டது. ஓ.டபிள்யூ.எல்-இல், அதாவது புரொட்டேஜே இந்த வரிகளை எழுதும் மொழியில், இம்போர்ட் என்பது எல்லா வரிகளையும் ஒரே குவியலாகக் கொட்டுவதுதான், நடுவில் வரம்பு கிடையாது. ஒரு முரண் இருந்தாலே அதிலிருந்து எதையும் நிறுவலாம் என்பது மரபுத் தர்க்கம், அதனால்தான் ஒரு வயலுக்காக முழுத்தளமும் விழுகிறது. நீங்கள் எதிர்பார்க்கும் தடுப்பு, டக்ளஸ் லெனட் 1984இல் தொடங்கிய சைக் என்ற அறிவுத்தளத் திட்டத்தில் உண்டு: ஒவ்வொரு கூற்றும் அதனதன் நுண்கோட்பாட்டுக்குள் (ஒரு சூழலுக்கான கூற்றுத் தொகுதி) மட்டுமே உண்மை, அயலில் உள்ளது அதற்கு எதிராகவே பேசலாம். இங்கே அது இல்லாதபடியால் சூழலை நாங்களே எழுத வேண்டும். மாரி மழையில் விதைக்கிற அதே வயலுக்குத்தானே சிறுபோகத்தில் வாய்க்காலால் தண்ணீர் விடுகிறோம்? மழைநீர் என்பது வயலின் குணமில்லை, அந்தப் போகத்துச் செய்கையின் (பயிரிடலின்) குணம். செய்கை என்று ஒரு கிளாஸ் போட்டு, வயல்7க்குப் போகத்துக்கு ஒரு செய்கை கொடுங்கோ. மூன்றாவது வரியையும் செய்கைக்கு மாற்றுங்கோ, தயவுசெய்து அழிக்க வேண்டாம். அழித்தால் முரண் போகும், ஆனால் ஒரே செய்கையை இரண்டு விதமாகப் பதிந்தாலும் ரீசனர் பேசாமல் இருக்கும்.

குளக்கட்டு:
மாற்றினேன், இன்னும் முரண்தான்!

நெற்கதிர்:
வயலையும் செய்கையையும் இணைக்கும் உறவில் ஃபங்ஷனல் என்று டிக் போட்டிருக்கிறதா பாருங்கள். போட்டிருந்தால், ஒரு வயலுக்கு ஒரு செய்கைதான் என்று எடுத்து, இரண்டு பெயரும் ஒரே செய்கையைத்தான் குறிக்கின்றன என்று ரீசனர் முடிவு கட்டிவிடும். பெயர் வேறு என்றால் ஆளும் வேறு என்று ஓ.டபிள்யூ.எல் எடுத்துக்கொள்வதில்லை. பலர் இதில் நாள்கணக்காக மாட்டுப்படுவார்கள்.

குளக்கட்டு:
ஓம், டிக் இருந்தது! எடுத்தவுடன் ஓடுகிறது, வயல்7 இரண்டு செய்கையோடும் வருகிறது. இருவருக்கும் மிக்க நன்றி. அடுத்தது நோய், பீடை மொடியூல், அதிலும் கபிலநிறத் தத்தி என்ற நெற்பூச்சியை வயலோடு இல்லாமல் செய்கையோடுதான் கட்டப்போகிறேன்.